சிடி 100: நான்கு ஆயில் சீல், மூன்று முறை கழற்றல்

ஆயில் சீல்களை, அதாவது சுற்றும் தண்டைக் கவ்வி எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களை, மூன்றாவது முறை மாட்டி 1,200 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. இன்ஜினின் இடப்பக்கம் காய்ந்து கிடக்கிறது, வண்டி நிறுத்தும் இடத்தில் போட்ட அட்டையில் சொட்டு இல்லை. அதனால் இதை இப்போது எழுதி வைக்கலாம். வண்டி பழைய ஹீரோ ஹோண்டா சிடி 100. 97.2 சிசி, 50 × 49.5 மிமீ, படுத்த சிலிண்டர். இதே குடும்ப இன்ஜின்தான் பின்னால் ஸ்ப்ளெண்டரிலும் வந்தது என்பதால் சீல் கிடைக்காத வண்டி இல்லை இது. கிடைப்பதில் எது சரியானது என்பதில்தான் இரண்டு முறை சறுக்கியது.

முதலில் கசிவு எங்கே என்று பார்த்த விதம். இடப்பக்கக் கவரைக் கழற்றினால் முன் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி ஒரே சேறு: எண்ணெய், செயின் கிரீஸ், மண் எல்லாம் கலந்து கட்டி. இதைப் பார்த்ததும் "ஸ்ப்ராக்கெட் சீல் போச்சு" என்று சொல்வது எல்லோர் வழக்கமும். இங்கேயும் அப்படித்தான் தொடங்கியது, பாதிதான் சரி. மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் வைத்து முழுதாகக் கழுவி, துணியால் ஒற்றி, காய்ந்த பிறகு முகப்பவுடரை மெல்லத் தூவி, பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து பார்க்க வேண்டும். எண்ணெய் புறப்படும் இடம் பவுடரில் கோடாகத் தெரியும். இந்த வண்டியில் மூன்று கோடு தெரிந்தது. மேக்னட் (கிராங்க் முனையில் சுற்றி மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பின்னால் இருக்கும் தட்டின் அடி விளிம்பிலிருந்து ஒன்று, கியர் ஷாஃப்டைச் சுற்றி ஒன்று, ஸ்ப்ராக்கெட் பின்னால் ஒன்று. வலப்பக்கம் கிக்கர் ஷாஃப்ட் தனியாக நனைந்திருந்தது. நியூட்ரல் சுவிட்ச் இருக்கும் இடத்தையும் பார்த்துவிடுங்கள். அதன் ரப்பர் காய்ந்து ஒழுகினாலும் பழி ஸ்ப்ராக்கெட் சீல் மேல்தான் விழும்.

இன்னொன்றையும் சீலைத் தொடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும்: பிரீதர் குழாய், இன்ஜின் மூச்சு விடும் குழாய். அதில் அடைப்பு இருந்தால் கேஸுக்குள் (இன்ஜினின் அலுமினியக் கூட்டுக்குள்) அழுத்தம் ஏறி, புது சீலையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும். குழாயைப் பிடுங்கி வாயால் ஊதினாலே தெரிந்துவிடும். இங்கே குளவி மண் வைத்து முக்கால்வாசி அடைத்திருந்தது. எண்ணெய் அளவும் டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. இந்த இரண்டையும் சரிசெய்ததில் ஒழுக்கு பாதியாகக் குறைந்தது. நான்கு இடமும் ஒரே நேரத்தில் ஒழுகினால் நான்கு சீலும் ஒன்றாகச் செத்தன என்று நினைக்காமல் முதலில் குழாயைப் பாருங்கள்.

முதல் முறை: பழைய சீலை அளந்து வாங்கியது

பழைய சீல்களைப் பிடுங்கி, வெர்னியரால் அளந்து, தாளில் எழுதிக்கொண்டு பேரிங் கடைக்குப் போனது முதல் தவறு. பழைய சீலின் உள் விட்டத்தை அளப்பதில் பொருளே இல்லை. புது சீலின் உதடு, அதாவது தண்டைத் தொடும் உள் விளிம்பு, தண்டைவிட ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சிறியதாகவே வார்க்கப்பட்டிருக்கும், இறுக்கிப் பிடிப்பதற்காக. பழைய சீலின் உதடோ தேய்ந்தும் காய்ந்தும் எந்த அளவிலாவது நிற்கும். வெளி விட்டமும் ஏமாற்றும். வெளியே ரப்பர் பூசிய சீல், கேஸில் அது உட்காரும் குழிக்குள் இறுகி நிற்பதற்காக எழுதிய அளவைவிட 0.2, 0.3 மிமீ பெரியதாகவே இருக்கும். எண்ணெயில் ஊறியதும் சேர்ந்தால் 24 என்பது 24.4 என்று காட்டும்.

கிக்கர் சீலின் முகத்தில் இருந்த எண்கள் தேய்ந்து "24 5" மட்டும் தெரிந்தது. உதட்டை அளந்ததில் 13.9 வந்தது. "14 தான் அது" என்று 14 × 24 × 7 கைக்கு வந்தது. கியர் ஷாஃப்டுக்கு 12 × 24 × 7. இரண்டுமே எந்த பேரிங் கடையிலும் பெட்டியைத் திறந்தால் கிடைக்கும் பொது அளவுகள், தண்ணீர் பம்பிலிருந்து கியர் பாக்ஸ் வரை போவது. விலையும் ஒன்று 25 ரூபாய்தான்.

ஹோண்டா இந்த வகை இன்ஜின்களில் முழு எண்ணைப் பிடித்துக்கொள்ளவில்லை. இந்த வண்டிக்குச் சரியாக வந்த அளவுகள் இவை: கிக்கர் ஷாஃப்ட் 13.8 × 24 × 5, கியர் ஷாஃப்ட் 11.6 × 24 × 10, ஸ்ப்ராக்கெட் தண்டு 17 × 29 × 5, மேக்னட் பக்கம் கிராங்க் 18.9 × 30 × 5. உள் விட்டம், வெளி விட்டம், அகலம் என்ற வரிசை, எல்லாம் மிமீ. இதைப் பார்த்து அப்படியே வாங்கிவிடாதீர்கள். வண்டிக்கு வண்டி முந்தைய கைகள் கேஸையோ தண்டையோ மாற்றியிருக்கலாம். அளந்து பார்த்துவிட்டு இந்த எண்களோடு ஒப்பிடுங்கள்.

13.8-க்கு 14 போட்டால் என்ன ஆகும்? முதல் நாள் ஒன்றும் ஆகாது. உதட்டில் இன்னும் பிடிப்பு மிச்சம் இருக்கும். ஆனால் ரப்பர் சூட்டில் கொஞ்சம் இறுகியதும் அந்த மிச்சம் போய்விடும். இங்கே மூன்று வாரம் தாங்கியது. அகலம் 7 என்பதால் குழிக்கு வெளியே 2 மிமீ துருத்திக்கொண்டு, கிக்கர் லீவரின் கழுத்து அதில் உரசியதும் சேர்ந்துகொண்டது. 11.6-க்கு 12 போட்டதோ அன்று மாலையே ஒழுகியது. 0.4 மிமீ வித்தியாசம் என்பது கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய்க்கு அது தாராளமான வாசல்.

ஸ்ப்ராக்கெட் சீலுக்கு 17 × 30 × 7-உம் 17 × 28 × 7-உம் இருந்தன, 29 இல்லை. 28-ஐ வாங்கி வெளியே சிலிகான் பசை தடவி ஒட்டிவிடலாம் என்ற யோசனை கடையிலேயே இலவசமாகக் கிடைத்தது. அதைக் கேட்காதது அன்றைக்குச் செய்த ஒரே நல்ல காரியம். வெளி விட்டத்தில் தளர்வான சீல் தண்டோடு சேர்ந்து சுற்றி, அலுமினியக் குழியைத் தின்றுவிடும். பிறகு லேத் பட்டறையில் புஷ் போடுகிற செலவு.

அளக்க வேண்டியது தண்டையும் குழியையும்

சீலின் மேல் எழுதியிருக்கும் மூன்று எண்களில் முதலாவது தண்டின் விட்டம், இரண்டாவது குழியின் விட்டம், மூன்றாவது அகலம். ஆகவே அளக்க வேண்டியதும் தண்டும் குழியும்தான். 600 ரூபாய் டிஜிட்டல் வெர்னியர் போதும், ஆனால் அதன் திரையில் தெரியும் கடைசி எண்ணை நம்ப வேண்டாம். 0.02, 0.03 மிமீ பிசகு அதற்கு இயல்பு. தண்டில் சீலின் உதடு ஓடிய தடம் பளபளப்பான ஒரு வளையமாகத் தெரியும். அந்தத் தடத்தில் அளக்காமல் அதற்கு ஒட்டிய தேயாத இடத்தில், தண்டைத் திருப்பித் திருப்பி மூன்று இடத்தில் அளக்க வேண்டும். இங்கே கிடைத்தவை: கிக்கர் 13.77, கியர் 11.58, ஸ்ப்ராக்கெட் தண்டு 16.97, கிராங்க் 18.88. அளவு எழுதிய எண்ணுக்குக் கொஞ்சம் குறைவாகவே வரும். 13.77 என்று கண்டால் அது 13.8. 14 தேய்ந்து 13.77 ஆகிவிட்டது என்று மனசு கணக்குப் போடும், விடக்கூடாது. தேயாத இடத்தில் அளந்தோமா என்பதுதான் கேள்வி.

குழியை வெர்னியரின் மேல் தாடையால் அளக்கும்போது சாய்த்துப் பிடித்தால் குறைவாகக் காட்டும். ஆட்டி ஆட்டிக் கிடைக்கும் பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். குழியின் ஆழத்தை வெர்னியரின் வால் கம்பியால் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். அது பின்னால் கைகொடுக்கும்.

அதன்பின் அதே தேயாத இடத்திலிருந்து தடம் வரை விரல் நகத்தை இழுக்க வேண்டும். நகம் தட்டினால் பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். கிக்கர், கியர் இரண்டிலும் தட்டவில்லை. ஸ்ப்ராக்கெட் தண்டில் தெளிவாகத் தட்டியது. தடத்தில் 16.85, அதாவது சுற்றிலும் 0.06 மிமீ பள்ளம். செயினில் ஏறும் மணல்தான் இதற்குக் காரணம். சீலின் வெளி உதட்டுக்கும் தண்டுக்கும் இடையில் மண் மாட்டிக்கொண்டால் ரப்பர் எமரி கல்லாகிவிடுகிறது. ரப்பர் இரும்பைத் தேய்க்குமா என்று கேட்பவர்களை இந்தத் தண்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

தண்டின் ஆட்டத்தையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் உணரும்படி ஆடினால் பேரிங் போய்விட்டது. எந்த சீலும் அங்கே நிற்காது. செயினை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறவர்களின் வண்டியில் இது சீக்கிரம் வரும். கியர் ஷாஃப்டில் பார்க்க வேண்டியது வளைவு. வண்டி இடப்பக்கம் விழுந்து கியர் லீவர் அடிபட்டிருந்தால் ஷாஃப்ட் லேசாக வளைந்திருக்கும். லீவரை மிதிக்கும்போது ஷாஃப்டின் முனை வட்டமடிக்கிறதா என்று பார்த்தாலே போதும், கழற்றத் தேவையில்லை.

கடையில் கேட்கும் முறை

மாடல் பெயரைச் சொன்னால் கடைக்காரர் தன் ஞாபகத்திலிருந்து எடுத்துத் தருவார். அது பெரும்பாலும் சரியாக இருக்கும், சில சமயம் அடுத்த மாடலுடையதாக இருக்கும். அளவைச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு மாடலைச் சொல்வது பாதுகாப்பு. ஹோண்டாவின் உதிரிப்பாகப் பட்டியலில் ஆயில் சீலின் பெயரோடே அளவும் அடைப்புக்குறிக்குள் இருக்கும். பாக எண் 912 என்று தொடங்கினால் ஆயில் சீல், 913 என்று தொடங்கினால் ஓ-ரிங், அசையாத இணைப்புகளை அடைக்கும் வட்ட ரப்பர் வளையம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வாதம் வராது.

மற்ற பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே மாதிரி ஒரு பிடி உண்டு. யமஹாவின் சீல் எண் 93102-20 என்று போனால் கோட்டுக்குப் பிறகு வரும் 20 என்பது தண்டின் விட்டம். 93102-25 என்றால் 25. சுசுகியிலும் அப்படியே, 09283-25 என்றால் 25 மிமீ தண்டு. ஆர்எக்ஸ் 100, ஏஎக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் அட்டையைப் பார்த்த உடனே பாதி சரிபார்த்துவிடலாம். டூ-ஸ்ட்ரோக்கில் இந்தத் தேடல் இன்னும் முக்கியம். அங்கே மேக்னட் பக்கக் கிராங்க் சீல் போனால் எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும். பெட்ரோல்-காற்றுக் கலவை வறண்டு, ஐட்லிங் தானாக ஏறி, கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் பிடிக்கும். கிளச் பக்கம் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் தரையைக் கறையாக்குவதோடு விட்டுவிடுகிறது.

சீலின் வகையைச் சொல்லும் எழுத்துகளும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானியக் கம்பெனிகளின் முறையில் டிசி (TC) என்றால் வெளியே ரப்பர் பூசியது, ஸ்பிரிங் உண்டு, முக்கிய உதட்டோடு தூசிக்கென்று இன்னொரு உதடும் உண்டு. எஸ்சி (SC) என்றால் தூசி உதடு இல்லை. டிபி (TB), எஸ்பி (SB) என்பவை வெளிப்புறம் இரும்பாக இருப்பவை. ஸ்ப்ராக்கெட் பக்கம் தூசி உதடு உள்ளதுதான் வேண்டும். அங்கே எஸ்சி வாங்கினால் அடுத்த மழைக்குள் மண் வேலையைக் காட்டும். கீறல் விழுந்த அலுமினியக் குழிக்கு ரப்பர் வெளிப்புறம் நல்லது, இரும்பு அந்தக் கீறலை அடைக்காது.

ரப்பர் வகையைப் பற்றிக் கடையில் நிறைய பேச்சு ஓடும். சாதாரணக் கறுப்பு நைட்ரைல் ஏறக்குறைய 100 டிகிரி வரை நிம்மதியாக இருக்கும். வைட்டான் 200 வரை தாங்கும், விலை பல மடங்கு. பழுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் வைட்டான் என்பது உறுதியில்லை, நிறம் போடுவது யாருக்கும் சுலபம். நான்கு சீலுக்கும் ஒரே தரம் தேவையும் இல்லை. கிக்கர் ஷாஃப்ட் கால் சுற்று சுற்றும், கியர் ஷாஃப்ட் அசையும், அவ்வளவுதான். ஸ்ப்ராக்கெட் தண்டு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 1,700 சுற்றை ஒட்டிச் சுற்றும். உதட்டின் கீழ் வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டர். கிராங்க் மட்டும் வேறு: 18.9 மிமீ தண்டு 8,000 சுற்றில் நொடிக்கு 7.9 மீட்டர் உதட்டைத் தேய்த்துக்கொண்டு போகும். காசு செலவழிப்பதென்றால் அந்த ஒன்றுக்குச் செலவழியுங்கள். மற்ற மூன்றுக்கும் நல்ல நைட்ரைல் போதும் என்பதே என் எண்ணம்.

இரண்டாவது முறை: அளவு சரி, மீதி தப்பு

இந்த முறை நான்கும் சரியான அளவில் வந்தன. ஸ்ப்ராக்கெட் சீல் மட்டும் "ஒரிஜினல் பழைய ஸ்டாக்" என்று மங்கிய உறையில் கிடைத்தது. உறை பழையது என்றால் ரப்பரும் பழையது. நைட்ரைல் சீல் ஒழுங்காக வைத்திருந்தால் ஏழு ஆண்டு, அதற்கு மேல் சோதித்துப் பார்த்துத்தான் போட வேண்டும். கடை அலமாரி வெயிலில் கிடந்ததற்குக் கணக்கே இல்லை. உதட்டை விரலால் வெளிப்பக்கம் மடக்கிப் பார்க்கும்போது உடனே திரும்பி வர வேண்டும், மடிப்பில் வெளிறிய கோடோ நுண்ணிய வெடிப்போ தெரியக்கூடாது. இதைச் செய்யாமலே மாட்டியது. இருநூறு கிலோமீட்டரில் திரும்ப நனைந்தது.

கியர் ஷாஃப்டில் நடந்தது இன்னும் அற்பம். ஷாஃப்டின் முனையில் லீவர் மாட்டும் பற்கள் உண்டு, ஒவ்வொன்றும் பிளேடு மாதிரி. சீலைக் கிரீஸ் கூடத் தடவாமல் அதன் மேல் தள்ளியபோது உதடு ஒரு இடத்தில் கீறியது. வெளியிலிருந்து தெரியவில்லை. எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்த ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்தது.

மூன்றாவது முறை, வரிசையாக

செயினைக் கழற்றுவதற்கு முன்பே மேக்னட் நட்டைத் தளர்த்துங்கள். செயின் இருக்கும்போது டாப் கியரில் போட்டுப் பின் பிரேக்கை அமுக்கினால் கிராங்க் நிற்கும். செயினைக் கழற்றிவிட்டால் பிடிக்க ஆளும் இல்லை, வழியும் இல்லை. முதல் முறை இதை மறந்து, செயினைத் திரும்ப மாட்டியதில் அரை மணி நேரம் போனது. மேக்னட்டைப் புல்லர் (திருகி இழுத்துக் கழற்றும் கருவி) போட்டே எடுக்க வேண்டும், 200 ரூபாய்தான். சுத்தியல் தட்டினால் உள்ளே காந்தம் விரிசல் விடும், கிராங்க் முனை மழுங்கி நட் ஏறாது. மேக்னட் வந்ததும் தண்டில் இருக்கும் அரைவட்டச் சாவியை எடுத்து டப்பாவில் போட்டுவிடுங்கள்.

அதன் பின்னால் இருக்கும் சுருள் தட்டின், அதாவது பவுடரில் கோடு தெரிந்த அதே தட்டின், ஸ்டார் ஸ்க்ரூக்கள் இறுகிப் போயிருக்கும். சாதாரண ஸ்க்ரூடிரைவர் தலையைத் தின்னும், சுத்தியலால் அடித்தால் திருகும் இம்பாக்ட் டிரைவரால் ஒரு அடி போதும். தட்டு கைக்கு வந்தபோது விஷயம் புரிந்தது. சீல் அவ்வளவு மோசமில்லை. தட்டைச் சுற்றியிருக்கும் பெரிய ஓ-ரிங் தட்டையாகி, பிளாஸ்டிக் வளையல் மாதிரி விறைத்துக் கிடந்தது. பவுடரில் முதல் கோடு தட்டின் அடி விளிம்பில் தெரிந்ததற்கு அதுதான் காரணம். முதல் இரண்டு முறையும் சீலை மட்டும் மாற்றி அதே ஓ-ரிங்கைத் திரும்பப் போட்டது என் சோம்பல். ஓ-ரிங்கின் குறுக்கு வெட்டு வட்டமாக இல்லாமல் சதுரமாகத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றுவது எளிது. 10 நம்பர் போல்ட் இரண்டு, பிடிதகட்டைக் கொஞ்சம் திருப்பினால் பற்களில் நேராகி வெளியே வரும். சீலைப் பிடுங்க ஸ்க்ரூடிரைவரைக் குழியின் விளிம்பில் முட்டுக்கொடுத்து நெம்புவதுதான் பழக்கம். அப்படி நெம்பிய பள்ளம் ஒன்று இந்தக் கேஸில் ஏற்கெனவே இருந்தது. மாற்று வழி: சீலின் முகத்தில், உதட்டுக்கும் வெளி விளிம்புக்கும் நடுவே, 2 மிமீ துளை போட்டு, சிறிய மர ஸ்க்ரூ ஒன்றை இரண்டு சுற்று ஏற்றி, பிளையரால் நேராக இழுக்க வேண்டும். டிரில் பிட்டில் 3 மிமீ விட்டு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். 5 மிமீ அகல சீலுக்குப் பின்னால் பேரிங் காத்திருக்கிறது. துளையிட்ட தூள் உள்ளே போகாமலிருக்க பிட்டில் கிரீஸ் பூசிக்கொண்டால் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

தண்டைத் துடைத்து, 1000 நம்பர் எமரி தாளை நாடாவாகக் கிழித்து, எண்ணெயில் நனைத்து, ஷூ பாலிஷ் போடுகிற மாதிரி சுற்றுவாட்டில் இழுக்க வேண்டும். நீளவாட்டில் ஒரு இழுப்பு கூட வேண்டாம், அந்தக் கோடு எண்ணெய்க்குக் கால்வாய். பள்ளத்தைத் தேய்த்து எடுக்கும் எண்ணமும் வேண்டாம், விட்டம் குறைந்துவிடும். பள்ளத்துக்கு வேறு வழி இருக்கிறது: உதட்டை இடம் மாற்றுவது. முன்பு எழுதிவைத்த குழி ஆழம் இங்கே உதவியது. பழைய சீல் அடிவரை இறங்கியிருந்தது. புதியதை அடிக்கு 1 மிமீ முன்பே நிறுத்தினால் கேஸ் முகத்துக்கு மேல் துருத்தவும் இல்லை, உதடும் பள்ளத்தை விட்டுத் தேயாத இடத்தில் உட்கார்ந்தது. மெல்லிய எஃகு உறை போடும் முறையும் உண்டு, ஆனால் இந்த வண்டிக்கு அந்த விலையில் ஒரு பழைய தண்டே வாங்கிவிடலாம்.

தட்டி இறக்கும் கருவி இந்த வேலையில் கண்டுபிடித்த நல்ல விஷயம்: வெந்நீர்க் குழாய்க்குப் போடும் சிபிவிசி பைப். முக்கால் அங்குல பைப்பின் வெளி விட்டம் 22.2 மிமீ, 24 சீலுக்குக் குழியில் உரசாமல் இறங்கும், நீண்ட கிக்கர் ஷாஃப்டும் கியர் ஷாஃப்டும் அதன் ஓட்டைக்குள் புகுந்துகொள்ளும். ஒரு அங்குல பைப்பின் வெளி விட்டம் 28.6, 29-க்கும் 30-க்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி. பிளம்பரிடம் கிடக்கும் அரை அடித் துண்டு போதும். வெட்டிய முனை மட்டும் செங்குத்தாக இருக்க வேண்டும், தாளைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி எமரியில் தேய்த்துக்கொள்ளுங்கள். இரும்பு சாக்கெட்டை விட இது பாதுகாப்பு, தவறி அடித்தாலும் குழியில் வடு விழாது.

கியர் ஷாஃப்டின் பற்களின் மேல் கோலா பாட்டிலிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக்கைச் சுருட்டிக் குழாயாக்கி மாட்டி, அதன் மேல் கிரீஸ். உதட்டிலும் கிரீஸ். ஸ்பிரிங் இருக்கும் பள்ளத்திலும் கொஞ்சம் அடைத்துவிட்டால் தட்டும்போது ஸ்பிரிங் எகிறி விழாது. ஸ்பிரிங் தெரியும் முகம் எண்ணெய்ப் பக்கம், அதாவது உள்ளே. சீல் கைவிரல் அழுத்தத்தில் சுற்றிலும் சமமாகப் பிடித்த பிறகே பைப்பை வைத்து மர சுத்தியலால் மெல்லத் தட்டத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு நாலு தட்டுக்கும் வெர்னியர் வாலால் நான்கு திசையில் ஆழம் பார்த்தேன். 0.2 மிமீக்கு மேல் சாய்வு இருந்தால் உயர்ந்த பக்கம் ஒரு தட்டு. பழைய ஸ்க்ரூடிரைவர் பள்ளம் இருந்த இடத்தில் மட்டும் குழியின் சுவரில் சிலிகான் பசையை நகத்தளவு தடவியது. தண்டிலோ உதட்டிலோ பசை படவே கூடாது.

கிராங்க் சீலில் ஒரு அம்புக்குறி இருக்கலாம். உதட்டில் சாய்ந்த வரிகள் வார்த்திருப்பார்கள், கசிய வரும் எண்ணெயைத் திரும்ப உள்ளே தள்ளுவதற்கு. திசை மாறினால் அதே வரிகள் வெளியே தள்ளும். இந்த இன்ஜினில் மேக்னட் பக்கம் நின்று பார்த்தால் கிராங்க் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அம்பும் அப்படியே இருக்க வேண்டும். சாவி உட்காரும் பள்ளத்தின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிய பிறகே தட்டை ஏற்றுங்கள், அதன் ஓரமும் உதட்டை வெட்டும்.

எண்ணெய் ஊற்றியவுடன் விரட்டாமல் பத்து நிமிடம் ஐட்லிங். பிறகு பவுடர், பதினைந்து நிமிட ஓட்டம். கோடு இல்லை. 50 கிலோமீட்டரில் கியர் ஷாஃப்ட் உதட்டைச் சுற்றி ஈரம் தெரிந்து பதற வைத்தது, துடைத்த பிறகு திரும்ப வரவில்லை. அது மாட்டும்போது தடவிய கிரீஸ் உருகியது.

செலவு: நான்கு சீல் சேர்ந்து 240, அதில் கிராங்க் சீல் மட்டும் 95. பெரிய ஓ-ரிங் 30. புல்லர் 200. ஒரு லிட்டர் எண்ணெய் 380. வெர்னியர் 600, அது பல வருடம் வரும். முதல் இரண்டு முறையில் வீணானது சீலுக்கு 170-உம், இறக்கி ஊற்றிய எண்ணெயும்.

அடுத்த முறை என்றால் கியர் ஷாஃப்ட் சீல் இரண்டு வாங்குவேன். கிழிந்தால் கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஸ்ப்ராக்கெட் சீலை அடிவரை இறக்காததால் அது வெளியே நகர்கிறதா என்று செயின் கழுவும் ஒவ்வொரு முறையும் ஆழம் அளந்து கேஸில் மார்க்கரால் எழுதி வருகிறேன். முதல் நாள் எழுதிய எண்ணும் நேற்று எழுதியதும் ஒன்றுதான்.